இன்னொரு கரண்டி குளுக்கோஸ்

என் இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது தெரிந்த அன்றைக்கே என் மனைவி எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஈரல் நோய்க்கு இனிப்புதான் மருந்து என்று எங்கள் கம்பளைப் பக்கத்தில் பலரும் நம்புவார்கள். காலையில் குளுக்கோஸ், மாலையில் சீனி தூக்கலாகத் தேத்தண்ணி என்று வருடக்கணக்கில் கலக்கித் தந்தாள். எனக்குத் தொப்பை விழுந்தது. "உங்க வீட்டுக்காரரு நல்லா தேறிட்டாரு" என்று அக்கம்பக்கத்தார் அவளைப் பாராட்டினார்கள்.

போன மாதம் கண்டி கிளினிக்கில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார்.

"மாத்திரைக்கு வைரஸ் அடங்கியிருக்கு. ஆனா ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. ரெண்டும் சேர்ந்து ஈரல் இறுகிப்போச்சு. இனி பழையபடி ஆகாது. இவ்வளவு இனிப்பு யாரு சாப்பிடச் சொன்னது?"

வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். "என்னங்க சொன்னாரு?"

"வைரஸ் அடங்கிருச்சாம்."

அந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். பஸ் ஏறுமுன் மருந்துக்கடையில் இன்னொரு குளுக்கோஸ் பெட்டி வாங்கினாள். அதை நான்தான் பையில் போட்டுத் தூக்கிவந்தேன்.

ஈரல் போய்விட்டது என்று இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடலாம். ஆனால் எதனால் என்று கேட்பாளே, அதற்குத்தான் பயம். கிளினிக் போய் வந்த நாளிலிருந்து அவள் தருவதை வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் ஊற்றிவந்தேன். கால்சட்டை தளர ஆரம்பித்தது.

"மறுபடி மெலியிறீங்களே" என்றாள் நேற்று.

இன்று காலை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக் கலக்கி, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.