மடங்கிய விரலும் இணைப்பு எண் ஏழும்

2004-இல் ஓய்வு பெற்றபோது என் வலது உள்ளங்கையில், மோதிர விரலுக்கு நேர்கீழே, துவரம்பருப்பு அளவில் ஒரு கட்டி இருந்தது. வலிக்கவில்லை. முப்பத்தாறு வருடம் பேனா பிடித்ததற்குக் கிடைத்த காய்ப்பு என்று நினைத்தேன். என் ஓய்வூதியக் கோப்பு ஒரு ஆட்சேபணைக் குறிப்புகூட இல்லாமல் முடிந்திருந்த நேரம் அது. கோப்பைத் தயாரித்தவன் நானே என்பதால் அந்தப் பெருமையில் கட்டியைக் கவனிக்க நேரமில்லை.

மூன்று வருடத்தில் கட்டி கயிறானது. தோலுக்கு அடியில் யாரோ சணல் இழையைக் கட்டி மெல்ல இழுப்பதுபோல மோதிர விரல் உள்ளே வளைந்தது. பிறகு சுண்டு விரலும் அதற்குத் துணையாகப் போனது. முகம் கழுவினால் விரல் மூக்குத் துவாரத்தைத் தேடிப் போகும். கும்பிட்டால் இரண்டு உள்ளங்கைகளும் ஒட்டாது. எதிரே இருப்பவருக்கு நான் ஏதோ ஒளித்து வைத்திருப்பதாகத் தோன்றும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. பிசைந்த சாதத்தை அள்ளும்போது மடங்கிய இரண்டு விரல்களும் வழியில் நிற்கும். சாம்பார் அவற்றின் இடுக்கில் தேங்கி முழங்கை வரை ஒழுகும். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் ஸ்பூன் கேட்டேன். பரிமாறியவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார், அப்புறம் எனக்கு அப்பளம் வைக்காமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினேன். கேட்டவர்களிடம் சர்க்கரை என்றேன். அதுவும் இருந்ததால் பொய்யில்லை.

அந்தப் பரிமாறுபவர் என்ன நினைத்தார் என்று என் மனைவிக்குப் புரிந்திருந்தது. மறுநாள் கீரை ஆய்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"என்னங்க, அந்த வியாதியா இருக்குமோ?"

அந்த வியாதி என்றால் குஷ்டம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. மறுநாளே கடலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் பஞ்சால் வருடினார், குண்டூசியால் தொட்டார், ஒவ்வொரு தடவையும் நான் "ஆமாம்" என்றேன். உணர்ச்சி முழுதாக இருக்கிறது, அது இல்லவே இல்லை என்றார். என் மனைவி அங்கேயே, நோயாளிகள் பார்க்க, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் நோய்க்கு ஒரு பிரெஞ்சுக்காரர் பெயரைச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் பாண்டிச்சேரி இருக்கும் ஊரில் எங்களுக்குப் பிரெஞ்சுப் பெயர்கள் புதிதல்ல. தெருக்களில் பார்த்திருக்கிறேன், கைக்குள் வந்தது இதுவே முதல் தடவை. வெள்ளைக்காரர்களுக்கு அதிகம் வரும், சர்க்கரை உள்ளவர்களுக்கும் வரலாம், உள்ளங்கையைத் திறந்து அறுவை சிகிச்சை செய்யலாம், ஆனால் உங்கள் சர்க்கரைக்குப் புண் ஆற நாளாகும் என்றார். நான் பரிசீலிப்பதாகச் சொன்னேன். இரண்டு வருடம் பரிசீலித்தேன்.

2011-இல் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இந்த நோயைப் பற்றி நாற்பது பக்கம் அச்சிட்டு வந்தேன். அமெரிக்காவில் ஒரு ஊசி வந்திருந்தது. அதில் இருப்பது ஒரு என்சைம். கயிற்றில் செலுத்தினால் கயிற்றை அரிக்கும், மறுநாள் டாக்டர் விரலை இழுத்தால் கயிறு அறுந்து விரல் நிமிரும். கத்தி இல்லை, தையல் இல்லை.

என் மச்சான், மனைவியின் தம்பி, சிப்காட்டில் ஒரு சாயப் பட்டறையில் சூப்பர்வைசர். காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தான்.

"மாமா, இது எங்ககிட்டயே இருக்கே. துணில கஞ்சி போவறதுக்கு என்சைம் தொட்டில ஊற வைப்போம். கஞ்சிய மட்டும் தின்னும், நூல தொடாது. ஒரு கேன் எடுத்தாரட்டா? கைய ஊற வச்சிடலாம்."

"கஞ்சிக்கு வேற, இதுக்கு வேறடா."

"உங்க கைலயும் கஞ்சி ஜாஸ்திதான் மாமா. அவ்ளோ வெறப்பு."

நான் சிரிக்கவில்லை. வேலையைத் தொடங்கினேன். சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவில் வெளிநாட்டு மருந்தை வரவழைக்க அரசாங்கத்தில் ஒரு அனுமதி உண்டு. அதற்குப் படிவம் உண்டு. விதிகளை வாங்கிப் படித்தேன். முகப்புக் கடிதம், நோய் வரலாறு, கடலூர் டாக்டரின் குறிப்பு, சர்க்கரைப் பரிசோதனை முடிவுகள், அச்சிட்ட கட்டுரைகளின் சுருக்கம், கையின் புகைப்படங்கள் மூன்று கோணத்தில். ஒவ்வொன்றுக்கும் இணைப்பு எண். டாக்டரின் மருந்துச் சீட்டு இணைப்பு எண் ஏழு. அதற்குக் கோப்பில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து, "பின்னர் சேர்க்கப்படும்" என்று எழுதினேன். எட்டு மாதம் ஆனது. பணிக்காலத்தில்கூட அவ்வளவு சுத்தமாக ஒரு கோப்பு கட்டியதில்லை.

ஏழாம் இணைப்பை வாங்கத்தான் 2012 தொடக்கத்தில் சிதம்பரம் போனேன். கைகளுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் ஒரு பெண் டாக்டர் அங்கே இருப்பதாக மச்சான் விசாரித்து வந்திருந்தான். அவனும் கூட வந்தான்.

அவர் கோப்பைத் தொடவில்லை. "சார், கைய மேஜ மேல கவுத்து வைங்க" என்றார். வைத்தேன். உள்ளங்கை மேஜையில் படவில்லை. அடியில் ஒரு பேனாவை உருட்டிவிட்டார், அது இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது. பிறகு ஒவ்வொரு மூட்டாக அளந்தார். அதன் பிறகுதான் கோப்பைப் பிரித்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க சார். எத்தனை நாளாச்சு?"

"எட்டு மாசம்."

"எப்ப அனுப்பினீங்க?"

"இன்னும் அனுப்பல. உங்க சீட்டு வேணும். இணைப்பு எண் ஏழு."

"அப்ப முதல்ல டாக்டர்கிட்ட வந்திருக்கணும் இல்லையா?"

மச்சான் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"அடி மூட்டு எத்தனை நாள் மடங்கி இருந்தாலும் பெரும்பாலும் நிமித்திடலாம் சார். நடு மூட்டு அப்படியில்ல. நாளாக ஆக அந்த மூட்டே இறுகிடும். அப்புறம் கயிறை வெட்டினாலும் விரல் வராது. உங்களுக்கு நடு மூட்டு இப்பதான் மடங்க ஆரம்பிச்சிருக்கு. இன்னொரு எட்டு மாசம் குடுத்தீங்கன்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

ஆயுள் முழுக்க ஸ்பூன். அதற்கு நானே எட்டு மாதம் சேர்த்திருக்கிறேன்.

"எனக்கு உடம்புல என்சைம் குறைஞ்சு போனதாலயா இது?" என்று கேட்டேன். நாற்பது பக்கம் படித்தவன் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"குறைஞ்சுதுன்னு சொல்ல முடியாது. நம்ம உடம்புல செல்லுங்க நார் நெய்ஞ்சிகிட்டே இருக்கும், என்சைம்கள் பழைய நாரை வெட்டிகிட்டே இருக்கும். வெட்டறதை நிறுத்தி வைக்கவும் சில புரதங்கள் இருக்கு. அதுங்க கை ஓங்கிச்சுன்னா நார் சேந்துபோயிடும். இன்னொண்ணு, சில என்சைம்கள் நாரை வெட்டறதவிட, செல்லுங்க இழுத்துச் சுருக்கறதுக்குத்தான் உதவி பண்ணுது. எல்லா என்சைமும் நம்ம பக்கம் இல்ல சார்."

எனக்கு உடனே விளங்கியது. பதிவறையில் காலாவதியான கோப்புகளை அழிக்க ஒரு ஆள் இருப்பான். அழிக்க வேண்டாம் என்று குறிப்பெழுத ஒரு மேலதிகாரி இருப்பார். குறிப்பு கூடினால் அறை நிறையும், பிறகு கதவு திறக்காது. அப்படி எத்தனையோ குறிப்பு எழுதியவன் நான்.

"கஞ்சி எடுக்கற என்சைம் நூல தொடாதே டாக்டர், அது மாதிரி இந்த ஊசி..." என்று மச்சான் தன் தொழிலைக் கொண்டுவந்தான்.

"அங்கதான் சிக்கல். கஞ்சி வேற, நூல் வேற. இங்க கயிறும் கொலாஜன்ங்கற அதே நார்தான், விரலை மடக்கற தசைநாரும் அதேதான். என்சைமுக்கு வித்தியாசம் தெரியாது. கயிறுக்குள்ளயே போடணும், கொஞ்சம் தள்ளிப் போச்சுன்னா தசைநார் அறுந்துடும். நல்ல மருந்துதான். ஆனா நான் போட்டதில்ல, இங்க கிடைக்கவும் இல்ல."

பிறகு வெறும் ஊசி ஒன்றை எடுத்துக் காட்டினார். மருந்து இல்லாத ஊசி. மரத்துப்போக வைத்துவிட்டு, அதன் நுனியால் தோலுக்கு மேலிருந்தே கயிற்றை இரண்டு மூன்று இடத்தில் நறுக்கி, விரலை இழுப்பது. என்சைம் செய்வதை ஊசி முனை செய்யும். தையல் கிடையாது. அன்றே வீட்டுக்குப் போகலாம். சர்க்கரைக்கும் பெரிய பயமில்லை.

"யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

"மாமா," என்றான் மச்சான், "இதுக்கு இணைப்பு எத்தனை?"

அடுத்த வியாழக்கிழமைக்கு ஒப்புக்கொண்டேன்.

அன்று கையை மட்டும் பச்சைத் துணியில் வைத்தார்கள். மரப்பு ஊசி எரிந்தது, அதற்கப்புறம் வலியில்லை. மணலில் குச்சி இழுப்பதுபோல ஒரு நறநறப்பு. "விரல் நுனி மரக்குதா சார்? உடனே சொல்லணும்" என்று, ஊசி நரம்பில் பட்டுவிடாமலிருக்க, கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் மோதிர விரலைப் பிடித்து, பிடிவாதக்காரரைச் சமாதானம் செய்வதுபோல மெல்ல இழுத்தார். முருங்கைக்காய் ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. வெளியே பெஞ்சில் இருந்த என் மனைவிக்கே கேட்டதாம்.

விரல் நிமிர்ந்து நின்றது. அஞ்சு வருடமாக வெளிச்சம் படாத உள்ளங்கை மடிப்பு குழந்தையின் தோல்போல வெளுத்திருந்தது. சுண்டு விரல் மட்டும் முழுதாக வரவில்லை, கொஞ்சம் குனிந்தே இருந்தது. "அது அவ்வளவுதான் சார்" என்றார். இன்னொன்றும் சொன்னார்: கயிறைத்தான் வெட்டினேன், நெய்கிற செல்லுங்க உள்ளேயே இருக்கு, என்சைம் கணக்கும் மாறல, சில வருஷத்துல திரும்பி வரலாம். அப்போது மறுபடியும் வரச் சொன்னார். நேராக அவரிடம் வரச் சொன்னார்.

பத்து நாள் கட்டோடும், விரலை நீட்டியே வைக்கும் கட்டைப்பட்டியோடும் இருந்தேன். பதினொன்றாம் நாள் மதியம் மனைவி தட்டு வைத்தாள். சாதம், வத்தக்குழம்பு, கொத்தவரங்காய்ப் பொரியல். பிசைந்தேன். அள்ளினேன். மோதிர விரல் மற்ற விரல்களோடு சேர்ந்து குவிந்தது. கவளம் உடையாமல் வாய்க்குப் போனது. குழம்பு ஒரு சொட்டு மணிக்கட்டில் விழுந்தது. அது எல்லோருக்கும் விழுவதுதான்.

"மெதுவா சாப்பிடுங்க," என்றாள் எதிரே நின்றபடி. "யாரும் புடுங்கிக்க மாட்டாங்க."

இரண்டாம் தடவை சாதம் கேட்டேன். மூன்றாம் தடவையும் கேட்டேன். சர்க்கரை உள்ளவனுக்கு அது கூடாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் போட்டாள்.