கடைக்கு எதிராகக் கையெழுத்திட்டவர்

துளசிராம் அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது என் வீட்டு உபயோகப் பொருள் கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். போனில் அவருடைய மருமகன். "மாமா காலையில தவறிட்டாரு பாய். உங்களுக்குச் சொல்லணும்னு அத்தை சொன்னாங்க" என்றார். நான் அவருக்குச் செய்ததற்கு, அந்த வீட்டில் என் நினைவு ஒருவருக்கு வந்ததே பெரிது. வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

மதுரையில் மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்க்கும் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினெட்டு வருடம் என் கடையில் மெக்கானிக்காக இருந்தவர். வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ். கோபம் வந்தால் எந்த மொழியும் பேச மாட்டார். பழுதான பொருளை உள்ளே கொண்டுபோய்ப் பிரிப்பதுதான் எங்கள் வழக்கம். அண்ணன் மட்டும் வாடிக்கையாளர் கண்முன்னே தரையில் செய்தித்தாளை விரித்துத்தான் திருகாணியைக் கழற்றுவார். "அவுக பொருளு பாய். உள்ள என்ன இருக்குன்னு அவுகளும் பாக்கட்டும்" என்பார். இது வியாபாரத்துக்குச் சரிப்படாது என்று நான் கடிந்தால் தலையை ஆட்டுவார். மறுபடியும் செய்தித்தாளை விரிப்பார்.

சமயநல்லூரில் வீட்டிலேயே மாவரைத்து விற்றுவந்த பஞ்சவர்ணம் என்ற பெண், ஓர் ஆடியில் எங்களிடம் பெரிய கிரைண்டர் வாங்கினார். இந்த ஊரில் ஆடியில் வாங்குவார்கள், ஆவணியில் நல்ல நாள் பார்த்துத்தான் பெட்டியைப் பிரிப்பார்கள். அவரும் அப்படித்தான் செய்தார். பிரித்த நான்காம் நாள் ஆட்டோவில் கிரைண்டரோடு வந்து நின்றார்.

"தண்ணி ஊத்துனா அடியில ஒழுகுது பாய். இதை நம்பிப் பழசைத் தங்கச்சி வீட்டுக்குக் குடுத்துவிட்டேன். நாலு நாளா மாவு போடல. வாடிக்கையெல்லாம் வேற வீட்டுக்குப் போயிரும்."

குறை இருந்தால் வாங்கிய ஏழு நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று பில்லில் அச்சடித்திருந்ததைக் காட்டினேன். கம்பெனியின் காரண்டி அட்டை மோட்டாருக்கு மட்டும்தான், டிரம்முக்கு இல்லை என்றேன். எங்கேயாவது இடித்திருப்பீர்கள் என்றும் சொன்னேன். ஆவணி வரை யாரும் பெட்டியைத் தொட மாட்டார்கள் என்பது, இத்தனை வருடம் இங்கே கடை வைத்திருக்கும் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அண்ணன் செய்தித்தாளை விரித்து டிரம்மைக் கவிழ்த்தார். அடியில் வெல்டிங் சேராமல் ஒரு விரல்கடை நீளத்துக்கு இடைவெளி. பஞ்சவர்ணத்தின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். பிறகு சர்வீஸ் சீட்டில், "தயாரிப்பிலேயே உள்ள குறை, உபயோகத்தால் வந்ததல்ல" என்று எழுதிக் கையெழுத்திட்டு நகலை அவரிடம் கொடுத்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "யாரு கடையில நின்னு யாருக்கு எழுதிக் குடுக்குறீங்க அண்ணே?" என்று கத்தினேன்.

"அட்டை கம்பெனி குடுக்குறது பாய். அட்டை இல்லாட்டியும் கிரைண்டருன்னு வித்தா அது அரைக்கணும்ல? அந்த உறுதிய வித்த அன்னைக்கே குடுத்துட்டோம். பில்லுல எதை அச்சடிச்சாலும் அது அழியாது."

"நாளையிலருந்து வராதீங்க" என்றேன். பதினெட்டு வருடத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. கருவிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டார். "சரி பாய், வாரேன்" என்று படியிறங்கினார்.

பஞ்சவர்ணம் வக்கீல் வைக்காமல் தானே நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக் கொடுத்தார். அண்ணன் சாட்சி சொன்னார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கூட்டவும் இல்லாமல் குறைக்கவும் இல்லாமல், கண்டதைச் சொன்னார். புது கிரைண்டர் கொடுக்கும்படி உத்தரவானது. கொடுத்தேன். ஏழு நாள் நிபந்தனையையும் பில்லிலிருந்து எடுத்தேன். முதலில் அது பயத்தில் செய்ததுதான். ஆனால் குறையுள்ள பொருளை மாற்றிக் கொடுக்கக் கொடுக்க, வாங்கிப் போகிறவர்களை நிமிர்ந்து பார்க்க என்னால் முடிந்தது.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்குச் சீர் வாங்க, மனைவியோடு என் கடைக்கே வந்தார்.

"டவுன்ல எம்புட்டுக் கடை இருக்கு, இங்க எதுக்குண்ணே வந்தீங்க?" என்றேன்.

"பழுதுன்னு வந்தா உங்ககிட்டச் சண்டை போட வேண்டியதில்லல்ல பாய்" என்றார்.

அன்றைக்காவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எந்தத் தேதிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அந்தக் கோழைத்தனம் இன்னும் என்னைச் சுடுகிறது.

சாவு வீட்டில் கூட்டம் குறைந்த பிறகு அவருடைய மனைவி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "யாரு கேட்டாலும், பாய் கடையில வாங்குங்க, பழுதுன்னா ஏமாத்த மாட்டாருன்னுதான் சொல்லுவாரு. போன வாரங்கூடச் சொன்னாரு" என்றார். நான் அழுதேன்.

நான் விரட்டிய மனிதர் எனக்காக ஊரிடம் கொடுத்துவந்த அந்த வாக்குதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதில் நான் தவறினால் எதிரே நின்று சொல்ல இனி அவர் இல்லை.