கடைப் பொம்மை கழற்றிக் கொடுத்த ஜப்லா

சிஸ்டர் பிரசவ அறைக் கதவைத் திறந்து, "பெண் குழந்தை. துணி எங்கே?" என்று கேட்டபோது எனக்கு வயது நாற்பத்து நான்கு. மராத்தி பேசும் நிக்டியில் குழந்தைத் துணிக்கடை கவுண்டரில் பதினெட்டு வருட அனுபவம். அந்த நேரத்தில் என் கையில் இருந்த துணி, என் கைக்குட்டை மட்டும்.

எங்கள் கவுண்டருக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்கள் இந்தக் கதையைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்துக்கொண்டே கற்ற பாடம் மறக்காது என்பதால் எழுதி வைக்கிறேன்.

1. மூன்று கேள்விகள்

கடைக்கு வரும் அம்மாக்கள் துணியைத் தடவிப் பார்ப்பார்கள். புதிதாக அப்பா ஆனவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்களிடம் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். பிறந்த வெயிட் என்ன? முன்னால் திறக்கிற மாதிரியா, தலைவழியாகப் போடுகிற மாதிரியா? துவைத்துக் காயவைக்க நேரம் இருக்கிறதா?

பக்கத்து வாகட்டில் ஐ.டி. வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து நின்றார்.

"வெயிட்டா? அதக் கேக்கலியேண்ணா."

"பையனா பொண்ணான்னாவது கேட்டீங்களா தம்பி?"

அவர் விழித்த விழியை ஒரு வாரம் கடையில் நடித்துக் காட்டினேன். நல்ல வரவேற்பு.

2. அஞ்சு நிமிஷம்

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து எங்களுக்குக் குழந்தை தங்கியிருந்தது. ஏழாம் மாதம் என் மனைவி கோமதி சொன்னாள்: "ரெண்டு ஜப்லா கொண்டாங்க. அலசிப் போட்டு வைப்போம்."

ஜப்லா என்பது முன்பக்கம் நாடா கட்டுகிற மெல்லிய மல்மல் பருத்திச் சட்டை. நான் தினமும் கட்டுக் கட்டாக விற்பது.

"பொறக்கிறதுக்கு முன்னாடி வாங்கக் கூடாது கோமதி."

"கடையில வாரவங்க எல்லார்ட்டயும் முன்னாடியே வாங்குங்கன்னு நீங்கதானே சொல்லுதிய?"

"அது அவங்க குழந்தைக்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் நடித்துக் காட்டுவதில்லை. கடை ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெரு, அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். உண்மையில் பயம்தான். துணியை வாங்கி வைத்து, அதைப் போட ஆள் வராமல் போய்விட்டால்?

ஆள் வந்தாள். மூன்று வாரம் முன்னாலேயே.

3. நான் தேர்ந்தெடுத்த துணிகள்

அஞ்சு நிமிஷம் என்ற வாக்கை மட்டும் காப்பாற்றினேன். ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ளி வந்து சிஸ்டரிடம் பையை நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். முத்து வைத்த நெட் ஃப்ராக். கம்பளி ஷூ. ஒரு வயதுக் குழந்தைக்கான ஜீன்ஸ்.

"பாவு, இன்னைக்கே கல்யாணமா?" என்று ஹிந்தியில் கேட்டார்; பாவு என்றால் இங்கே அண்ணன். பிறகு குரலைத் தணித்தார். "குழந்தை ரொம்பச் சின்னது. இப்போதைக்கு எங்க துணியில சுத்தி வச்சிருக்கோம். உடம்பு சூடு குறையக் கூடாது. முன்னால திறக்கிற மாதிரி, துவைச்ச பருத்தி வேணும். புதுத் துணியோட கஞ்சி அந்தத் தோலுக்கு ஆகாது."

மூன்றாவது கேள்வி. பதினெட்டு வருடமாக நான் கேட்டது.

திரும்ப ஓடினேன். முதலாளி ஷோபா தாய் கவுண்டரில் நின்றிருந்தார்; மராத்தியில் தாய் என்றால் அக்கா.

"தாய், ஜப்லா. சீக்கிரம்."

"வெயிட் என்ன?"

"கேக்கலியே."

ஷோபா தாய் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கடையில் நூற்றுக்கணக்கான ஜப்லா. எல்லாம் புதுசு, மடிப்புக் கலையாத பீஸ். துவைத்தால் அந்தப் பருவமழையில் காய ஒரு நாளாகும். நான் ரேக்கில் கட்டுக் கட்டாகப் புரட்டினேன்.

ஷோபா தாய் டிஸ்ப்ளே பொம்மையிடம் போனார். கவுண்டரில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் பொம்மை. பிறந்த குழந்தை அளவு. ரோட்டுத் தூசி படிவதால் அதற்கு இரண்டு ஜப்லா வைத்து, மாற்றி மாற்றித் துவைப்போம். துவைப்பது நான்தான். டிராயரிலிருந்து துவைத்த ஜப்லாவை எடுத்தார். அன்று காலைதான் துவைத்து மாட்டிய மற்றொன்றையும் பொம்மையிலிருந்து கழற்றினார்.

"ஒண்ணு பத்தாது. நனைச்சிடுவா. ஓடு."

சிஸ்டர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். போகிற போக்கில், "ரெண்டு கிலோ நூறு" என்றார். நான் கேட்காமலே.

அரை மணி நேரம் கழித்துக் கோமதி பக்கத்தில் மகள் கிடந்தாள். நாடா கட்டி, கால் மறைந்து, தூங்கிக்கொண்டு.

"ஏங்க, இது உங்க கடைப் பொம்மையோடதுல்லா?"

"ஆமா. அதுக்கு இத்தனை வருஷத்துல ஒரு நாள் சளி புடிச்சதில்ல."

"சிரிக்க வைக்காதீய. தையல் வலிக்கு."

4. பொம்மைக்கு வாங்குங்கள்

இப்போதும் சிலர் நிறைமாத மனைவியோடு வந்து, தடவிப் பார்த்துவிட்டு, "பொறக்கட்டும், அப்புறம் வாங்கிக்கிறோம்" என்கிறார்கள். முன்பு வாதாடுவேன். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

"குழந்தைக்கு வாங்காதீங்க. இந்தப் பொம்மைக்கு ரெண்டு வாங்கிக் குடுங்க. நான் துவைச்சுப் போட்டு விடுறேன். பொறந்ததும் போன் பண்ணுங்க, கழட்டித் தர்றேன்."

முதலில் சிரிக்கிறார்கள். பிறகு வாங்குகிறார்கள். நிக்டியிலேயே அதிக உடுப்புள்ள ஆள் எங்கள் பொம்மைதான். அதற்கென்று தனி டிராயர் இருக்கிறது, ஒவ்வொரு ஜப்லாவிலும் வாங்கியவர் பெயர் எழுதிய சீட்டோடு. வாரத்தில் ஒரு நாளாவது போன் வருகிறது. வந்ததும் நான் முதலில் வெயிட்டைக் கேட்பதில்லை.

"அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே பொம்மையின் நாடாவை அவிழ்க்கிறேன்.