கார்கோவ்காரி

லெனின்கிராடில், வசிலியேவ்ஸ்கித் தீவின் பழைய கட்டடம் ஒன்றில், ஐந்து குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்ந்த வீட்டில், லுக்யான் சவேலியேவிச்சுக்கு வெளியூரில் ஒருத்தி இருக்கிறாள் என்று பேச்சு இருந்தது. பேச்சைக் கிளப்பியவள் எதிர் அறை செராஃபிமா. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. லுக்யானின் மனைவி தைசியா சுவருக்கு அந்தப் பக்கம் போட்ட சத்தத்தை அவள் தன் காதாலேயே கேட்டிருந்தாள்.

"தூக்கத்துலகூட அந்தக் கார்கோவ்காரி பேச்சுதானா? அவ்வளவு ஆசையா இருந்தா அவகிட்டயே போ."

அன்றிலிருந்து செராஃபிமா, காலையில் கேஸ் அடுப்புக்குத் தன் முறை வரும்போது தைசியாவுக்கு விட்டுக்கொடுக்க ஆரம்பித்தாள். எதற்கு இந்தத் திடீர்க் கரிசனம் என்று தைசியாவுக்குப் புரியவில்லை. ரொட்டித் தொழிற்சாலையில் காலை ஷிப்ட்டுக்கு ஓடுகிறவள்; அடுப்பு கிடைத்ததே போதும் என்று பாலைக் காய்ச்சிக்கொண்டு போய்விடுவாள்.

அந்தக் கார்கோவ்காரி ஒரு வண்டி. அண்டார்டிகாவின் பனி மேல் ஓடுகிற, இரும்புச் சங்கிலிப் பட்டைகளில் உருளுகிற வண்டி. கார்கோவ் நகரத்தில் செய்ததால் பெயரே அப்படி அமைந்துவிட்டது. ஆரஞ்சு நிறம், ஒரு சின்ன வீட்டின் அளவு. உள்ளே எட்டுப் பேர் படுக்கலாம். ரேடியோ மேசை உண்டு, ஒரே ஒரு ஆள் திரும்ப இடமிருக்கிற சமையல் மூலை உண்டு. என்ஜின் மூடியை உள்ளிருந்தே திறந்து வேலை பார்க்கலாம் என்பது பெரிய சௌகரியம். அதற்கு விலையாக டீசல் புகை எந்நேரமும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். தலைவலியோடு எழுந்து தலைவலியோடு படுப்பார்கள். எல்லோரும் வண்டியைத் திட்டினார்கள், லுக்யானும் திட்டினான். ஆனால் வேறு வண்டிக்காரன் யாராவது திட்டினால் அவனுக்குப் பொறுக்காது.

அவன் வோலக்தா பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். கஜகஸ்தான் புல்வெளியில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, தென்துருவப் பயணத்துக்கு ஓட்டுநர்கள் தேவை என்று கேள்விப்பட்டுக் கிளம்பியவன். கடலோரத்தில் இருக்கிற மீர்னி நிலையத்திலிருந்து, பனிமேட்டின் நடுவில் இருக்கிற வஸ்தோக் நிலையத்துக்கு, அங்கே குளிர்காலத்தைக் கழிக்கிறவர்களுக்காக டீசலும் சாப்பாட்டுச் சாமானும் இழுத்துப் போவதுதான் வேலை. போக ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். சாமான் ஏற்றிய சறுக்குவண்டிகள் நின்ற இடத்திலேயே பனியோடு ஒட்டிக்கொள்ளும். முன்னால் இழுக்கிற வண்டியை இடமும் வலமுமாக உலுக்கி, பின்னால் ஒரு வண்டியை விட்டு முட்டித் தள்ளித்தான் பிடுங்க வேண்டும். பட்டையை இணைக்கிற ஆணிகள் குளிரில் கண்ணாடி மாதிரி உடையும். இறங்கிச் சம்மட்டியால் அடித்து வேறு ஆணி பூட்ட வேண்டும். அந்த உயரத்தில் பத்து அடி அடித்தால் மூச்சு இளைத்துப் பட்டை மேலேயே சாய்ந்துவிடுவார்கள்.

உடன் ஓட்டுகிறவன் ருஸ்தம், கசானிலிருந்து வந்த தாத்தார் இனத்தவன். அடர்ந்த மீசைக்காரன். வாய் ஓயாது. சமையல்காரர் ஃபெதோத், பனியை வெட்டி உருக்குவதிலேயே பாதி நாளைக் கழிப்பவர். மேலே போகப் போக, கொதிக்கிற தண்ணீரில்கூடக் கஞ்சி வேகாது, பல்லில் நறநறக்கும். "நல்லா மெல்லுங்கடா, கொஞ்சமாவது சூடு வரும்," என்பார். குழுத்தலைவர் அர்சேனி இலியிச், சூரியனைப் பார்த்து வழி கணிக்கிறவர், அதிகம் பேசாதவர். ஓய்வு கிடைத்தால் நால்வரும் புள்ளிக் கட்டைகளை வைத்து டோமினோ ஆடுவார்கள். ருஸ்தம் எப்போதும் தோற்பான், எப்போதும் அதற்கு ஒரு காரணம் வைத்திருப்பான்.

லுக்யானின் இரண்டாவது பயணத்தில்தான் அது நடந்தது. அந்த வருஷம் வஸ்தோக்கிலிருந்து திரும்பக் கிளம்பவே தாமதமாகிவிட்டது. கோடை முடிந்து, நாளுக்கு நாள் குளிர் இறுகிக்கொண்டிருந்தது. பீப்பாயில் டீசல் கூழாகிக் கிடந்தது. பாதி வழியில், லுக்யான் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, என்ஜின் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் முள் கீழே இறங்கியது. உடனே நிறுத்தினான். எண்ணெய் பம்ப்பின் தண்டு முறிந்துபோயிருந்தது. கையிருப்பில் இருந்த ஒரே பம்ப்பை வருகிற வழியிலேயே வேறொரு வண்டிக்குப் பூட்டியாகிவிட்டது.

அர்சேனி இலியிச் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு முதலில் டீ குடிக்கச் சொன்னார். பிறகுதான், வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறோம் என்றார்.

"இழுத்துட்டுப் போலாமே," என்றான் லுக்யான். வண்டிக்காரர்களுக்கு அவன் சவேலிச்.

"எத வச்சு இழுப்ப, சவேலிச்? மத்த வண்டிங்க தன்னையே இழுத்துக்க முடியாம கெடக்கு. இருக்கிற டீசல் ஆளுங்களக் கரை சேக்கத்தான் காணும்."

லுக்யான் ரேடியேட்டர் தண்ணீரை வடித்தான். புகைக்குழாய்களில் கந்தல் துணியை அடைத்து, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். மேசையில் பாதி ஆட்டத்தில் டோமினோ கிடந்தது. எடுத்து வைக்கப் போனவனை ருஸ்தம் தடுத்துவிட்டான். ஆட்டம் முடியாமலேயே இருக்கட்டும், இந்த ஒரு தடவையாவது நான் தோற்காமல் இருக்கிறேன் என்றான். கதவைக் கடைசியாகச் சாத்தியவன் லுக்யான். வேறொரு வண்டியின் கூண்டில் நான்கு பேருக்கு நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பின் கண்ணாடியில் படிந்த பனியை நகத்தால் சுரண்டிச் சுரண்டி, ஆரஞ்சு நிறம் கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டே வந்தான்.

ஊர் திரும்பியதும் தைசியா அவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். இனிமேல் துருவமும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். அவனும் சரி என்றான். பஸ் டிப்போவில் வேலை கிடைத்தது. சம்பளத்துக்கும் குறைவில்லை, ஞாயிற்றுக்கிழமை லீவு, நகரத்துத் தண்ணீரில் கஞ்சியும் நன்றாக வெந்தது. ஆனால் தூக்கத்தில் பேச ஆரம்பித்தான். முள் இறங்குது, நிறுத்து என்பான். அவ குளிர்ல நிக்கிறா என்பான். தைசியா எத்தனை நாள்தான் பொறுப்பாள்? அப்படிப் போட்ட சத்தம்தான் சுவரைத் தாண்டிச் செராஃபிமாவின் காதில் விழுந்தது.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, அர்சேனி இலியிச் கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு தேடி வந்தார். அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்ததால் சமையலறையிலேயே உட்கார வைத்தார்கள். செராஃபிமா தன் அடுப்பில் முட்டைக்கோஸ் சூப்பைக் கிளறியபடி, கண்ணைச் சட்டியிலும் காதை மேசையிலும் வைத்திருந்தாள்.

வந்தவர் சுற்றி வளைக்கவில்லை. "தைசியா நிக்கொலாயெவ்னா, உங்ககிட்டக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். கார்கோவ்காரிய அப்படியே விட்டுட முடியாது. இவர் போய்த்தான் கூட்டிட்டு வரணும். வேற யாருக்கும் அவ மசிய மாட்டா."

செராஃபிமா கரண்டியைச் சட்டிக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

"பாத்தா படிச்ச மனுஷனாட்டம் இருக்கீங்க. கட்டின பொண்டாட்டிகிட்டயே வந்து இதக் கேக்குறீங்களே, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் புரிந்தது தைசியாவுக்குத்தான். காலை அடுப்புச் சலுகைக்கும் அப்போதுதான் அவளுக்கு அர்த்தம் விளங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து, ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து லுக்யான் வெகு காலமாகப் பார்த்ததில்லை. விஷயம் தெரிந்ததும் செராஃபிமா முகம் சிவந்து, கேக்கில் தனக்கும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை அடுப்பில் தன் முறையையும் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

விருந்தாளி போனபின் தைசியா அறைக் கதவைச் சாத்தினாள்.

"போகணும்னு இருக்கா?"

"உனக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் அதக் கேக்கல."

"என் கையாலதான் கதவச் சாத்திட்டு வந்தேன், தைசியா."

அவள் தேய்த்த சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் அடுக்கினாள். எல்லாவற்றையும் அடுக்கிய பிறகு, "இங்க இருந்தாலும் நீ பாதி ஆளாத்தான் இருக்க," என்றாள். "போய்ட்டு வா. இதான் கடைசி."

தென்துருவக் கோடையில், சூரியன் மறையாத நாட்களில், புது பம்ப்பைச் சாக்கில் சுற்றிக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு லுக்யான் மறுபடி அந்தப் பாதையில் போனான். ருஸ்தமும் வந்திருந்தான், ஃபெதோத்தும் வந்திருந்தார். அர்சேனி இலியிச் கணித்துச் சொன்ன இடத்துக்கு வந்தபோது அங்கே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. வண்டிகளை நிறுத்திவிட்டு, கயிறு கட்டிக்கொண்டு நாலு திசையிலும் நடந்தார்கள். ருஸ்தம்தான் கண்டுபிடித்தான். பனியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய ரேடியோக் கம்பி.

மாறி மாறித் தோண்டினார்கள். பனி கல்லாக இறுகியிருந்தது. ரம்பத்தால் அறுத்துத் துண்டு துண்டாகத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. கடைசியில் கதவு திறந்தபோது, உள்ளே சுவரெல்லாம் பறவை இறகு மாதிரி உறைபனி பூத்திருந்தது. டீசலும் ஈரக் கம்பளிக் காலணியும் ஃபெதோத்தின் வெங்காயமும் கலந்த அந்தப் பழைய வாசனை அப்படியே இருந்தது. டோமினோ மேசையிலேயே கிடந்தது. லுக்யான் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

பம்ப்பைப் பூட்டினார்கள். தார்ப்பாயால் கூடாரம் கட்டி, தீயைப் பீய்ச்சும் ஊது விளக்குகளால் என்ஜினைச் சூடாக்கினார்கள். எண்ணெயைப் பீப்பாயோடு நெருப்பில் காய்ச்சி ஊற்றினார்கள். லுக்யான் கிளப்பினான். என்ஜின் ஒரு முனகலோடு அடங்கிவிட்டது. மறுபடி சூடாக்கி மறுபடி கிளப்பினான், மறுபடியும் அதே முனகல்.

"விடுங்க சவேலிச், எந்திரிக்க மாட்டா," என்றான் ருஸ்தம். "எந்திரிச்சா நான் மீசைய எடுத்துக்கறேன்."

அடுத்த முறை அவள் இருமினாள். முதலில் வெள்ளைப் புகை, பிறகு கறுப்பு. அப்புறம் வண்டி முழுவதும் நடுங்கி, கூரையிலிருந்த உறைபனியெல்லாம் எல்லோர் தலையிலும் உதிர்ந்தது. வெளியே ஆட்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். லுக்யான் மட்டும் எண்ணெய் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். முள் மெல்ல மேலே ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்ற பிறகுதான் கையை எடுத்தான். புகைக்கரி படிந்த அவன் கன்னத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் இறங்கியிருந்தன. புகை கண்ணைக் கரிக்கிறது என்றான். ருஸ்தம் ஃபெதோத்திடம் கத்தரிக்கோல் கேட்டான். அந்தப் பயணத்துப் படங்களில், வெயிலில் கறுத்த முகத்துக்கு நடுவே அவன் மேலுதடு மட்டும் குழந்தையினுடையது போல வெளுத்திருக்கும்.

வஸ்தோக் போய்ச் சாமானை இறக்கிவிட்டு, அவளைச் சொந்தக் காலில் மீர்னிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். கடைசிச் சரிவில் இறங்கும்போது நிலையத்து ஆட்கள் வெளியே வந்து வானத்தில் வாணம் விட்டார்கள்.

லுக்யான் வாக்குத் தவறவில்லை, அதற்குப் பிறகு துருவத்துக்குப் போகவில்லை. அதே டிப்போவில் பஸ் ஓட்டியே பென்ஷன் வாங்கினான். தலை நரைத்து, பேரப்பிள்ளைகளும் வந்துவிட்ட அவனை இனி அவர் என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டு வீடு போய், நகரத்தின் ஓரத்தில் சொந்த அறைகள் கிடைத்திருந்தன. ஒரு மாலை கசானிலிருந்து ருஸ்தம் போன் செய்தான். கார்கோவ்காரியை ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம். மீர்னிக்கு வெளியே, பழைய வண்டிகளோடு வரிசையில் நிற்கிறாளாம். வருஷா வருஷம் பனி கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறதாம்.

போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தவர் சும்மா உட்கார்ந்திருந்தார். தைசியா உருளைக்கிழங்கை அவர் தட்டில் வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூடக் கேட்டிராத ஒன்றை அன்றைக்குத்தான் கேட்டாள்.

"உள்ள எப்படி இருக்கும்? சொல்லேன்."

அவர் ரொட்டித் தட்டை நகர்த்தி வைத்து, இது வண்டி என்றார். தீப்பெட்டி என்ஜின் ஆயிற்று, கரண்டிகள் படுக்கைகள் ஆயின, உப்புக் கிண்ணம் ஃபெதோத்தின் அடுப்பு. அன்றைய ஓட்டம் முடிந்து வண்டிகளெல்லாம் வரிசையாக நின்றதும், வேகத்தைக் குறைத்த என்ஜின்களின் உறுமல் தரை வழியாகக் காலில் ஏறும் என்றார். கயிற்றில் எட்டு ஜோடிக் கம்பளிக் காலணிகள் தொங்கும், ஃபெதோத் சட்டியைத் தட்டிக் கூப்பிடுவார், வெளியே காற்று அடித்துக்கொண்டிருக்கும், யாருக்கும் எங்கேயும் போக வேண்டியிருக்காது. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான், தைசியா, மத்த எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டோம் என்றார்.

உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது. அவள் எழுந்து அதை மறுபடி சூடாக்கினாள். அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.