கங்காணியின் ஒற்றைச் செடி

வேதமணி கட்டைவிரலால் செடியடி மண்ணை அழுத்திப் பார்க்கிறார். பிறகு ஓர் இலையின் அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார், காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல. அதற்கப்புறம் தெருவில் போகிறவர் யாரானாலும் நிறுத்திக் கேட்கிறார்: "கச்சான் இன்னைக்குக் கூடுதலோ?"

கச்சான் என்கிற மேல்காற்று கூடுதலா குறைவா என்பது தம் வேட்டி பறப்பதைப் பார்த்தாலே தெரியும். வேதமணிக்கு அது போதாது. இன்னொருவர் வாயால் 'குறைவு' என்று கேட்கவேண்டும். கேட்டாலும் நம்பமாட்டார்.

மாப்பிள்ளையூரணியைத் தாண்டி, சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களுக்கென்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கேதான் இருக்கிறார். தோட்டத்தில் அவர் கங்காணி. இருநூறு பேரை வேலை வாங்கியவர். இங்கே புதுத் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கிக்குக் காவல். வேலை வாங்க ஒரு நாய் உண்டு. அதுவும் சொன்னபடி கேட்பதில்லை.

குடியிருப்பில் ஆண்டுக்கொருமுறை தோட்டத் திருநாள். தோட்டத்து வழக்கப்படி விடியுமுன் தப்புப் பறை அடித்து எல்லோரையும் எழுப்பி, வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் இருந்தவரை அந்தத் தப்பைச் சபிக்காதவர் கிடையாது. இப்போது அதைக் கேட்க நன்கொடை தருகிறார்கள். போன வருஷம் நட்டநடுவில் தேயிலைச் செடி என்று ஒரு வேப்பங்கிளையை ஊன்றிவைத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த உப்பளத்துக்காரர் ஒருவர் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஏலே, இந்தக் கசப்பைக் குடிக்கவா இவனுவ கடல் தாண்டிப் போனானுவ?" என்றார். கூட்டம் சிரித்தது. குடியிருப்புப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்ததுதான் வேதமணிக்குத் தாங்கவில்லை. மைக்கைப் பிடுங்கினார்.

"அடுத்த திருநாளுக்கு இங்கன நெசச் செடி நிக்கும். நிக்கலைன்னா என்னைக் கங்காணின்னு எவனும் கூப்பிட வேண்டாம்."

கப்பலில் அவர் கொண்டுவந்தவற்றில் மிச்சம் அந்தப் பெயர் ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் ஒரு செடியின் வேரில் கட்டிவிட்டார்.

கோத்தகிரியிலிருந்து உருளைக்கிழங்கு லாரியில், மண்ணெண்ணெய் டின்னில் நட்ட இடுப்புயரச் செடி வந்து இறங்கியது. பனியில் வளர்ந்தது. இங்கே கிணற்றில் உப்பு, காற்றில் உப்பு, வெயிலோ சொல்லவே வேண்டாம். வேதமணி மீன் ஐஸ் கம்பெனிக்குப் போய் நின்றார். அங்கே பொறுப்பில் இருக்கும் காயல்பட்டினத்து அபுல் ஹஸன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேய், மீனுக்கு ஐஸ் கேப்பாங்க. செத்த வீட்டுக்குக் கேப்பாங்க. செடிக்குக் கேட்டது நீரு ஒருத்தர்தான்."

"உருகினா தண்ணிதான பாய்? குளுமைக்கும் ஆச்சு, வேருக்கும் ஆச்சு."

"அப்ப ஒரு கம்பளியும் வாங்கிப் போட்டுரும். தடுமம் பிடிச்சிரப் போகுது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கம்பளியைப் பற்றியும் யோசித்தாராம். சொன்னவர் மனைவி தேவகனி. "என்னைக் கட்டிட்டு வந்த நாள்ல இருந்து எனக்கு ஒரு தடவை விசிறினது கிடையாது. அதுக்கு மத்தியானம் பூரா உக்காந்து வீசுதாவ."

ஆனி பிறந்ததும் இலைகள் உதிரத் தொடங்கின. வேதமணி யாரிடமும் சொல்லவில்லை. உதிர்ந்ததையெல்லாம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காவலுக்குப் போனார். திடீரென்று ஒரு காலையில் நுனியில் துளிர் கண்டது. மூன்று கொழுந்து. சந்தோஷப்பட்டிருக்கலாம், அதுவரை ஒன்றாக இருந்த கவலையை மூன்றாகப் பிரித்துக்கொண்டார். ஆடு ஒன்றுக்கு, எறும்பு ஒன்றுக்கு, கச்சான் ஒன்றுக்கு.

திருநாளன்று செடி நின்றது. சுற்றிலும் கயிறு கட்டி, கயிற்றுக்கு உள்ளே அவரும் நின்றார். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் பெண்கள் வரிசையாகப் பார்க்க வந்தார்கள்.

"தள்ளி நின்னு பாருங்க. மேல மூச்சு படக்கூடாது."

"கடல் தாண்டி வந்தும் கங்காணி வாய் மாறலியே!" என்றது வரிசையில் ஒரு குரல்.

வரிசையில் முதலில் இசக்கியம்மாள். முப்பது வருஷம் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இப்போது உப்பளத்தில் உப்பு வாருகிறார். கயிற்றுக்கு மேல் குனிந்து, பின்னால் நின்றவளிடம், "ஏளா, இது நம்ம மேமலைத் தோட்டத்துச் செடி மாதிரியே இருக்கு பாத்தியா..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. 'டக்' என்று மெல்லிய சத்தம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரலிடுக்கில். மறுநொடி அதைத் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தும்விட்டார். தோட்டத்தில் தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை தொங்கும். பார்க்காமல் எறிந்தாலும் கூடைக்குள் விழும். இங்கே கொழுந்து மணலில் விழுந்தது.

தப்புச் சத்தம் நின்றுபோயிற்று. இசக்கியம்மாள் தம் கையை யாருடையதோ போலப் பார்த்தார். "அய்யோ கங்காணி... நான் பறிக்கலையே... கைதான்..."

வேதமணி வாயைத் திறந்தார். இருநூறு பேரை அதட்டிய வாய். திறந்தபடியே செடிப் பக்கம் திரும்பினார். செடியில் இன்னும் இரண்டு கொழுந்து இருந்தது. வரிசையில் காத்து நின்ற பெண்களைப் பார்த்தார். ஒவ்வொருத்தி விரலும் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

கயிற்றைத் தூக்கி வெளியே வந்தார். அடுத்தவள் செடியருகே வந்ததும் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து, அவள் தோளுக்குக் கீழே ஏந்திப் பிடித்தார்.