இடக்கைக்குச் செய்த குழல்

என்னிடம் ஒரு துவக்கு இருக்கிறது. இந்த வரியை எழுதி, அழித்து, திரும்பவும் எழுதியிருக்கிறேன். பழைய காலத்து முறையில் செய்த நீளத் துவக்கு அது. விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும், அந்தப் பொறியில் கருமருந்து பற்றும், அதன் பிறகுதான் குண்டு புறப்படும். கடையில் வாங்கியதல்ல. என் கையின் நீளத்தையும் கழுத்தின் உயரத்தையும் அளந்து, வால்நட் மரத்தில் எனக்கென்று செய்வித்தது.

வேலையிடத்தில் ஒரு நாள் எல்லோரையும் பக்கத்து ஊர்ச் சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்த துவக்குகளில் கல் உரசும் பகுதி வலப்பக்கம் இருந்தது. நான் இடக்கைக்காரி. இடத்தோளில் வைத்தால் நெருப்பு என் முகத்துக்கு முன்னாலேயே எழும் என்று சொல்லி, வலத்தோளில் வைத்துச் சுடச் சொன்னார்கள். இலக்கில் ஒன்றும் படவில்லை. ஆனால் விசையை இழுத்ததற்கும் வெடித்ததற்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் அசையாமல் நிற்க வேண்டும். அடுப்பை அணைத்தேனா, மகளுக்குக் காய்ச்சலா, மேலாளருக்கு எழுதியதில் பிழை விட்டேனா என்று எந்நேரமும் என்னை அரிக்கும் கேள்விகளில் ஒன்றுகூட அப்போது வரவில்லை. பிறகு விடாமல் போனேன். பொலிசின் அனுமதி வந்ததும், பொறி இடப்பக்கம் இருக்கும்படி செய்து தரச் சொல்லி ஒரு துவக்குக்காரரிடம் கொடுத்தேன். சாறிச் சட்டையைத் தவிர என் அளவுக்கென்று யாரும் எனக்கு எதுவும் செய்து தந்ததில்லை. அது கைக்கு வந்த அன்று காரில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தேன்.

பெருமை காருக்குள்ளேயே முடிந்துவிட்டது. வீட்டில் ஐந்து வயது மகள் இருக்கிறாள். மருந்தும் குண்டும் கழகத்தில்தான் இருக்கும், துவக்கு களஞ்சிய அறையில் சுவரோடு பூட்டிய இரும்பு அலுமாரிக்குள் இருக்கும். இருந்தும் போகும்போதும் வரும்போதும் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். நல்ல தாய் இப்படி ஒன்றை வாங்குவாளா என்று என்னையே கேட்பேன்.

அதைவிடப் பெரிய பயம் அப்பா. அம்மா போன பிறகு அவர் ஸ்கீவ் என்ற ஊரில் தனியாக இருக்கிறார். துவக்கு என்ற சொல்லே எங்கள் வீட்டில் வருவதில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் படலையைத் திறந்து வந்தவர்கள் யாராக இருந்தாலும் தோளில் அதுதான் இருந்தது என்று அம்மா ஒருமுறை சொன்னாள். அப்பா சொன்னதில்லை. இங்கே டெனிஷ்காரர் வருடப் பிறப்புக்கு வாணம் விடும்போது அவர் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு இருப்பார். அவருக்குத் தெரிந்தால் என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவருக்குப் போக வேறு வீடு இல்லை.

மகள் போய் அவரிடம் சொல்லிவிடுவாள் என்று, அவள் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம் எனக் கணவரைக் கேட்டிருந்தேன். அவர் பகிடிக்காரர்.

"சரி, இனி அதுக்குப் பேர் குழல். அதிலயும் குழல் இருக்குத்தானே. அம்மா குழல் பழகப் போட்டா எண்டு சொல்லுறன்."

மகள் அதைத் தொலைபேசியில் அப்பாவுக்கு அப்படியே சொல்லிவிட்டாள். அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சின்ன வயதில் நான் சங்கீத வகுப்புக்குப் போக ஆசைப்பட்டு, கூட்டிப்போக ஆளில்லாமல் விட்டது அவர் மனதில் கிடந்திருக்க வேண்டும். ஸ்கீவில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் மகள் புல்லாங்குழல் படிக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். சரஸ்வதி பூசைக்கு பிராண்டேயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்டார்.

"எங்க பிள்ளை குழல்? கொண்டுவந்து சாமிக்கு முன்னால வை. ஆக்கள் வந்தாப் பிறகு ஒரு பாட்டு வாசி."

நான் கடலை தாளித்துக்கொண்டிருந்தேன். "அது... கழகத்தில கிடக்கு அப்பா" என்றேன்.

"இஞ்சதான் இருக்கு" என்றாள் மகள். பூசைக்கு வைத்த படத்தின் முன்னால் தன் கதைப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா எப்பிடி வாசிக்கிறவ? அம்மப்பாவுக்குக் காட்டு பாப்பம்" என்றார் அப்பா. விரல்களை உதட்டருகே வைத்து ஊதிக் காட்டினார்.

"நை, அப்பிடியில்லை" என்று டெனிஷிலும் தமிழிலும் மறுத்த மகள் எழுந்து காலை அகட்டி நின்றாள். வலக்கையை நேரே நீட்டினாள். இடக்கையைக் கன்னத்தோடு சேர்த்தாள். ஒரு கண்ணை மூடினாள். கழகத்தில் கணவர் எடுத்த படத்தை அவள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள்.

அப்பாவின் விரல்கள் உதட்டருகே அப்படியே நின்றன. அந்த நிலையை அவருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் அடுப்பை அணைத்தேன்.

"காட்டு" என்றார்.

மகளைக் கணவரிடம் விட்டுவிட்டுக் களஞ்சிய அறைக்குப் போனேன். திறப்பைப் பூட்டில் போட்டுத் திருப்பினேன். அலுமாரிக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அப்பா உள்ளே வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார்.

"ஆற்ற இது?"

"என்ர."

"மருமகன்ரயோ எண்டு நினைச்சன்." அலுமாரியைப் பார்த்தபடி கேட்டார்: "வெடிக்குமோ?"

"மருந்து வீட்டில இல்லை அப்பா. கடதாசி இலக்கைத்தான் சுடுறது."

"கடதாசியைச் சுடவே உவ்வளவு பெரிய சாமான்?"

அந்தப் பொறி ஏன் இடப்பக்கம் இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஆசையாக இருந்தது. அந்த நேரத்திலும் ஆசையாக இருந்ததுதான் எனக்கே அருவருப்பைத் தந்தது. சொல்லவில்லை.

"பூட்டு" என்றார். நான் பூட்டியதும் தானே வந்து இழுத்துப் பார்த்தார். "ஆக்கள் வரப்போகினம். அவையளுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

அதற்குள் மணி அடித்தது. முன்பு ஸ்கீவில் எங்களுக்கு அயலில் இருந்து, இப்போது பிராண்டேயில் வேலை செய்யும் மாமாவும் அன்ரியும் வந்திருந்தார்கள். அன்ரி மோதகத் தட்டை என் கையில் தந்துகொண்டே, "பூசையைவிட உம்மட குழலைக் கேக்கத்தான் வந்தனாங்கள். அண்ணை போனில புழுகித் தள்ளிப்போட்டார்" என்றார்.

நான் வாயைத் திறக்க முதல் அப்பா சொன்னார்: "அவவுக்கு இண்டைக்குத் தொண்டை சரியில்லை."

"குழலுக்கு ஏன் அண்ணை தொண்டை? மூச்செல்லோ வேணும்."

கணவர் இருமிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். அப்பாவின் காதுமடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன. வேலைக்கு ஒரு நாள் சுகயீனம் என்று பொய் சொல்லத் தெரியாதவர். சற்று முன் என் வீட்டில் தான் கண்டதை நினைத்து உள்ளே கலங்கிக்கொண்டு, என்னைக் காப்பாற்றவும் பார்க்கிறார். அவரை அப்படி நிற்க விட்டுவிட்டு நான் மோதகத் தட்டைப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அன்ரி, அது குழலில்லை. துவக்கு. மகளுக்கு முன்னால சொல்லக்கூடாதெண்டு அப்பிடிச் சொன்னனாங்கள். அப்பாவுக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

சொன்ன பிறகு, ஏன் சொன்னேன் என்று இருந்தது. மாமா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அன்ரி அப்பாவைப் பார்த்தார்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் அண்ணை உது?"

"நானும் கேட்டனான். கடதாசி சுடுறாவாம்." அப்பா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "பொலிசுக்குத் தெரியும். களவா வச்சிருக்கேல்லை."

மாமாதான் முதலில் சிரித்தார். "மான் சுட்டாலும் ஒரு கறி வைக்கலாம். கடதாசியை என்ன செய்யிறது?" அன்ரியும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

மாமா அதோடு விட்டிருக்கலாம். "அப்ப அதையும் கொண்டுவந்து வையுங்கோவன். இண்டைக்கு ஆயுத பூசையுமெல்லோ. நாங்கள் எல்லாரும் பேனையும் கொம்பியூட்டரும் வைக்கிறம். இந்த வீட்டில உண்மையா ஒரு ஆயுதம் இருக்கு."

பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் எல்லோரும் அப்பாவைத்தான் பார்த்தோம், நானும். வையம்மா என்று அவர் சொல்லிவிடமாட்டாரா என்று ஒரு கணம் நினைத்தேன். படத்துக்கு முன்னால், மகளின் புத்தகங்களுக்குப் பக்கத்தில், அந்த வால்நட் மரம் விளக்கு வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்றும் நினைத்தேன்.

அப்பா களஞ்சிய அறைக் கதவைப் பார்த்தார்.

"அது அங்கயே கிடக்கட்டும்" என்றார். "எனக்கு இன்னும் பாக்க ஏலாது."

வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்லவில்லை. விற்றுவிடு என்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. பேத்தியை மடியில் இருத்திக்கொண்டு கற்பூரத்தைக் கொளுத்தச் சொன்னார். நான் கிழித்த இரண்டு குச்சிகள் அணைந்தன. மூன்றாவது பற்றியது.