உப்புக்கொத்தியின் பக்கத்தில் ஒரு காலி இடம்

மாலையானால் பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்திக் குறுக்கே தடுப்புப் போடுவார்கள் இல்லையா, அங்கே ஸ்கூட்டியோடு மாட்டிக்கொண்டு, சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரிடம் ‘ஒரே நிமிஷம் சார்’ என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. காற்று வாங்குகிற மனிதர்களுக்காக ஒரு ரோட்டையே மூடலாம் என்றால், தூங்குகிற பறவைகளுக்காக ஒரு துண்டு மணலை மூடக் கூடாதா?

அரியாங்குப்பத்தில் ஆறு கடலோடு சேர்கிற இடத்தில் ஒரு மணல்திட்டு உண்டு. குளிர்காலத்தில் இமயமலைக்கு அப்பாலிருந்து உப்புக்கொத்திகள் வந்து இறங்கும். கைக்குள் அடங்குகிற பறவை. தண்ணீர் வற்றியிருக்கும்போது சேற்றில் ஓடி ஓடிக் கொத்தித் தின்னும், தண்ணீர் ஏறினால் திட்டில் நெருக்கியடித்து நின்று தூங்கும். அந்தத் தூக்கத்தை நாயும் கிரிக்கெட் பந்தும் கலைத்துக்கொண்டே இருந்தால் திரும்பிப் பறக்க உடம்பில் தெம்பு சேராது. அதனால் நானும் கோரிமேட்டில் நர்ஸிங் படிக்கிற செல்வமும் இன்னும் சிலரும் சவுக்குக் கழி நட்டுக் கயிறு கட்டினோம். கயிற்றைத் தாண்டி யாரும் போகக் கூடாது, நாங்கள் உள்பட. இதுதான் சட்டம்.

முதல் வாரமே எங்கள் மானம் போனது. நாய் வந்தால் நாங்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுவோம், மொத்தக் கூட்டமும் பறந்துவிடும். எங்களைப் படகில் கொண்டுவிடும் பாபு அண்ணன் ஒருநாள் சிரித்தார்.

“இன்னா தங்கச்சி, நாயி ஒரு வாட்டிதான் வெரட்டுது. நீங்க நாலு வாட்டி வெரட்டுறீங்க. பேசாம நாயையே காவலுக்கு வச்சிருக்கலாம்.”

இப்போது சொல்லப் போவதற்கு முன் ஒன்று. நான் கண்டதையும் நம்புகிற ஆள் இல்லை. விலங்கியல் படித்தவள். சித்தி என் ஸ்கூட்டியில் கட்டிவிட்ட எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து ஜூஸ் போட்டுக் குடித்தவள். சொல்வதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம், எனக்கும் பழகிவிட்டது.

அது பங்குனி. பறவைகளின் நெஞ்சு செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது. அப்படி மாறினால் இன்றோ நாளையோ கிளம்பிவிடும் என்று அர்த்தம். அந்தச் சமயத்தில்தான் ஒன்றின் இரண்டு காலிலும் தூண்டில் நரம்பு சுற்றியிருந்ததைப் பார்த்தோம். நைலான் நரம்பு, சதைக்குள் இறங்கி இடது காலில் ஒரு விரலே போயிருந்தது. பறக்க முடியும், ஓட முடியாது. ஓடாவிட்டால் அதற்குச் சாப்பாடு இல்லை. தத்தித் தத்தி நின்றுகொண்டு மற்றவை தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சட்டத்தை நாங்களே மீறினோம். செல்வம் கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மணலில் படுத்து ஊர்ந்து போனான். பாதி தூரம்கூடப் போகவில்லை, அத்தனையும் பறந்துவிட்டன. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் நான் அவன் காலைப் பிடித்து இழுத்தேன்.

“போதும்டா. ஒண்ணைக் காப்பாத்துறேன்னு எல்லாத்தையும் பட்டினி போடுறோம்.”

“அப்ப அதை விட்டுடலாங்கிறியா மாலு?”

“வேற இன்னா பண்றது?”

அவன் ஊர்ந்தே பின்னால் வந்தான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டோம். வெயில் சாய்ந்து, தண்ணீர் ஏறி, திட்டு முழுவதும் வெல்லப்பாகு நிறத்தில் மினுங்கியது. காற்றே இல்லை. அலைச் சத்தம்கூட எங்கேயோ அடுத்த தெருவில் கேட்பதுபோல் இருந்தது. நான் பைனாகுலரில் அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கூட்டத்தின் கடலோர முனையில் ஒரு இடைவெளி விழுந்தது. ஒரு ஆள் நிற்கிற அளவு. அந்த இடைவெளி நகர்ந்தது. நம்பினால் நம்புங்கள், சந்தைக் கும்பலுக்குள் ஒருவர் நடந்தால் முன்னால் இருப்பவர்கள் விலகிப் பின்னால் மறுபடி சேர்ந்துகொள்வார்களே, அப்படி, தூக்கக் கலக்கத்தில் பறவைகள் இரண்டடி ஒதுங்கின, அது கடந்ததும் பழைய இடத்துக்கே வந்தன, ஒன்றுகூடச் சிறகு விரிக்கவில்லை, நாங்கள் இருமினாலே பறக்கிற பறவைகள். உள்ளே எதுவும் இல்லை, வெறும் மணல்.

இடைவெளி எங்கள் பறவைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு அந்தப் பறவை உயர்ந்தது. பறக்கவில்லை, சிறகு மூடியேதான் இருந்தது, கண்ணும் மூடியிருந்தது. மற்ற பறவைகளுக்கு மேலே, உள்ளங்கையில் வைத்திருப்பதுபோல் அந்தரத்தில் அசையாமல் இருந்தது.

“மாலு, கண்ணாடியக் குடு,” என்றான் செல்வம். பைனாகுலரைக் கொடுத்தேன். அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். பிறகு பறவை மெல்ல மணலுக்கு இறங்கியது. இரண்டு காலையும் ஊன்றியது. ஓடியது! ஈர மணல்வரை ஓடிப்போய்க் கொத்த ஆரம்பித்தது. இடைவெளி வந்த வழியே கடல்பக்கம் போய் மூடிக்கொண்டது.

பாபு அண்ணனின் படகுக்கு எழுந்தபோது எங்கள் கயிற்றில் அந்த நரம்பு தொங்கிக்கொண்டிருந்தது, எனக்கு ஒரு கை தூரத்தில். எங்கும் அறுபடவில்லை. முடிச்சு முடிச்சாகப் பொறுமையாக அவிழ்த்து, சின்ன வளையமாகச் சுற்றிக் கட்டியிருந்தது. செல்வத்தின் கத்தரிக்கோல் அவன் பையில்தான் இருந்தது.

கானல், வெயில், பசி என்று நீங்கள் சொல்லப் போவதையெல்லாம் நானே எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பைனாகுலரைக் கொடுத்த கையோடு என் செல்போனில் எடுத்த படத்தில் மங்கலாக மணல் மட்டும் இருக்கிறது. இரண்டு நாளில் கூட்டம் கிளம்பியது. எங்கள் பறவையும் போனது.

இந்தக் குளிர்காலத்தில் அது திரும்பி வந்திருக்கிறது. இடது காலில் ஒரு விரல் இல்லாத அதே பறவை. நன்றாக ஓடுகிறது, நன்றாகத் தின்கிறது. ஆனால் தண்ணீர் ஏறி எல்லாம் நெருக்கியடித்துத் தூங்கும்போது, அதன் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் அளவு இடம் காலியாகவே இருக்கிறது. கூட்டம் இடம் மாறி நின்றாலும் அந்தக் காலி இடமும் கூடவே மாறுகிறது.

அன்று நடந்தது ஒன்றும் தெரியாத பாபு அண்ணன்கூட நேற்றுக் கேட்டார். “அது பக்கத்துல யாருக்கு எடம்? பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டு புடிச்ச மாதிரி இருக்குது.”

பங்குனிக்குள் ஒருநாள், தண்ணீர் ஏறும் நேரமாகப் பார்த்து, நான் கயிற்றைத் தாண்டி அந்த இடத்துக்கு நடந்து போகப் போகிறேன். ஊர்ந்து அல்ல, நிமிர்ந்து, மெதுவாக, அன்று அந்த இடைவெளி நடந்து வந்த மாதிரி. செல்வம் வேண்டாம் என்கிறான்.

“அந்த எடம் காலியா இருக்குதுன்னு உனக்கு யாரு சொன்னது?”

கூட்டம் பறந்துவிட்டால் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவேன். பறக்காமல் ஒதுங்கி எனக்கு வழி விட்டால் என்ன செய்வது என்றுதான் இன்னும் யோசிக்கவில்லை.